மூன்று பெட்டியும் கருகியது

"இளவரசி... மூணாவது பெட்டியும் பூடுச்சும்மா!"

போனில் மேனேஜர் புருஷோத்தமன்.

அப்பாவின் ஜாமீனுக்காக ஒரு வாரம் திருப்பத்தூரில் அலைந்துவிட்டு, இளவரசி அப்போதுதான் மலைமேல் புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தாள்.

அப்பா தீர்த்தகிரி, காட்டுக் காவலாளி. சந்தன மரம் வெட்டினார் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். வெட்டியது யாரென்று மரத்தில் கட்டிய கேமரா பார்த்திருக்கிறது. அந்த வீடியோ இருந்தது, அவள் வேலை பார்க்கும் காட்டு ஆய்வு மையத்தின் சர்வரில்.

திறந்து பார்க்க மேலிட அனுமதி வேண்டுமென்று புருஷோத்தமன் இழுத்தடித்தார். இன்று அனுமதி வந்தது... பெட்டி போனது!

ஓடினாள்.

ஏழு சர்வர் பெட்டிகளில் மூன்று கருகிக் கிடந்தன. வீடியோ பார்க்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் சிவசங்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"ஏழும் சேர்ந்து ஒரே சர்வர் மாதிரி வேலை செய்யும் சார். ஒவ்வொரு வீடியோவும் மூணு பெட்டில காப்பி இருக்கும்."

"அந்த மூணுதான் இந்த மூணு," புருஷோத்தமன் உச்சுக் கொட்டினார். "போன வாரமே லிஸ்ட் எடுத்துப் பார்த்தேன். மலைல வோல்டேஜ் ஆடுற ஆட்டம் தெரியும்ல சார்? இன்னா பண்றது..."

இளவரசி கருகிய பெட்டிகளிடம் குனிந்தாள். "எல்லாம் ஒண்ணாவா சார் போச்சு?"

"சேச்சே! திங்கக்கிழமை ஒண்ணு. புதன்கிழமை ஒண்ணு. இன்னிக்குக் காலைல ஒண்ணு. ஒண்ணா போயிருந்தா யாரோ கொளுத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அழ வந்தவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா சிரிப்பு?" புருஷோத்தமன் முறைத்தார்.

"ஒரு பெட்டி செத்தா மத்ததுங்க சும்மா இருக்காது சார். அதுல இருந்ததுக்கு ஒரு மணி நேரத்துல வேற பெட்டில புதுக் காப்பி போட்டுடும். திங்கக்கிழமை நீங்க அழிச்சது இன்னொரு பெட்டில இருக்கு. புதன்கிழமை அழிச்சதும் அப்டித்தான்."

கீபோர்டைத் தட்டினாள். படம் ஓடியது.

பட்டப்பகல். இரண்டு ஆட்கள் சந்தன மரத்தை அறுக்க, பக்கத்தில் குடை பிடித்து நின்று வேலை வாங்குகிறார்... புருஷோத்தமன்!

"மூணையும் ஒரே நேரத்துல கொளுத்தியிருந்தா எங்கப்பா வூடு வந்து சேர்ந்திருக்க மாட்டாரு. ரொம்ப நிதானமா பண்ணிட்டீங்க சார்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது.

புருஷோத்தமன் வாயை இறுக மூடிக்கொண்டார். வக்கீல் வந்தால்தான் திறப்பாராம்.

சிவசங்கர் திரையில் மரம் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"பரவால்ல, மெதுவா பேசுங்க சார். நீங்க ரிப்பேரானாலும், எனக்கு இன்னும் ரெண்டு காப்பி மிச்சம் இருக்கு!"