முன்கூட்டியே எழுதிய காரணம்

மூன்றாவது படிவத்தில் மை காயவில்லை.

தகடு அழுத்தும் ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. விபத்து நடந்தால் படிவத்தில் 'காரணம்' கட்டத்தை நிரப்பி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மேனேஜர் ஒத்துக்கொள்கிற காரணம் ஒன்றே ஒன்றுதான். அதனால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று பத்துப் படிவங்களில் காலையிலேயே எழுதி வைத்துவிடுவார். மற்றதெல்லாம் அடிபட்ட பிறகு.

இந்த மூன்றாவதில் மற்றதும் எழுதியிருந்தது. அவர் கையெழுத்திலேயே. மைத்துனனின் பெயர். வலது கை, மணிக்கட்டு வரை. மாலை 4.40.

கடிகாரத்தில் மணி 4.34.

அவருடைய மாடி அறையின் கண்ணாடிக்குக் கீழே பன்னிரண்டு பிரஸ் இயந்திரங்களும் ஏறி இறங்க, ஒவ்வோர் அடிக்கும் மேஜையில் இருந்த தம்ளர் தண்ணீரில் வளையம் விரிய, சூடேறிய எண்ணெய் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து தொண்டையில் படிய, மூன்றாம் நம்பர் பிரஸ் முன்னால் மனைவியின் தம்பி குனிந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். "அவன கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அவள் இன்று காலையில்கூடச் சொன்னாள்.

அவனை எச்சரிக்கப் போனை எடுத்தார். காரணக் கட்டத்தில் எழுத்து மாறியிருந்தது: 'அதிகாரி போன் செய்ததால் கவனம் சிதறியது.'

போனை வைத்தார். 'அதிகாரி தெரிந்தும் எச்சரிக்கவில்லை.'

"செஞ்சாலும் தப்பு, செய்யாட்டியும் தப்பா? நான் என்னதான்யா பண்றது?" என்று காகிதத்திடம் கத்தினார். எல்லாவற்றுக்கும் முன்னாலேயே ஒரு காரணம் இருக்கிறதென்றால் நடுவில் நான் எதற்கு? பொம்மையா? இந்தக் கோபமாவது என்னுடையதா? பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். பக்கத்து அறைக்கு ஓடி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

ஆலை முழுவதும் அடங்கியது.

எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், யாரு எறக்குனது?"

"நான்தான். கிட்ட வராத."

"சரி சார், வரல. எதுக்கு சார்?"

"நாலு நாற்பது தாண்டட்டும். அப்புறம் சொல்றேன்."

இங்கும் ஒரு கண்ணாடி இருந்தது. கீழே மைத்துனன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "மாமா! கரன்ட் போனதும் நல்லதாப் போச்சு. சிக்குன தகட எடுத்துடறேன்!" தகடு கைக்கு எட்டவில்லை. பிரஸ்ஸை இறக்கும் பெடல் மேலேயே ஏறி நின்றுகொண்டு, பிரஸ்ஸுக்குள் வலது கையை விட்டான்.

"கைய எடுடா!"

"என்ன மாமா? கேக்கல!"

4.39.

பரவாயில்லை. கைப்பிடி தன்னிடம்தான் இருக்கிறது. இதையாவது விடமாட்டேன். யார் சொன்னாலும்.

கைப்பிடி அசைந்தது.

மேலே.

"சார், வேணாம்!"

"நான் இல்ல! நீ எதையாவது தொட்டியா?"

"நான் தொடவேயில்ல சார். நீங்கதான் ஏத்துறீங்க."

பார்த்தார். தன் வலது கை. நடுக்கம் இல்லை. அவசரம் இல்லை. இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, முழு எடையையும் போட்டுத் தொங்கினார். எலக்ட்ரீஷியனும் பாய்ந்து இழுத்தார். நிற்கவில்லை. தினமும் காலையில் பேனாவை எடுப்பது போல அவ்வளவு இயல்பாக, அவருடைய கை கைப்பிடியை ஏற்றிக்கொண்டே போனது.

கீழே மைத்துனன், கை உள்ளே இருக்க, அவரைப் பார்த்துச் சிரித்தான்.