தப்பிப் பிழைத்த குப்பை

துப்பறியும் அக்காவின் முன்னால் உட்கார்ந்ததுமே எக்ஸ்ரே ஆபரேட்டர் அழுதுவிட்டாள். மருத்துவமனைக் கணினியில் இருந்த மூன்று வருடப் படங்கள் முந்தாநாள் காலையில் மாயமாகிவிட்டன. அப்போது அறையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். வேண்டுமென்றே அழித்ததாகப் பழி போட்டு, இன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். படங்களுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது. அவளுடைய நல்ல பெயருக்கு நகல் இல்லை.

அக்கா பதறவில்லை. பதறுவதற்கென்றே தம்பி இருந்தான். நாற்பது வயதாகியும் முதலில் கண்ணில் படுகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவான். இம்முறை மாட்டியவர் மருத்துவமனையின் கணினிப் பொறியாளர். அவருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று கேள்விப்பட்டதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அவளோடு மருத்துவமனைக்குப் போய் விசாரித்தபோது பொறியாளர் எதையும் மறைக்கவில்லை. எக்ஸ்ரே மென்பொருளை நிறுவும் கட்டளைகள் ஒரு கன்டெய்னர் கோப்பில், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து இயக்குவதற்கான கோப்பில், இருந்தன. இந்தப் பழைய கணினி கன்டெய்னரைத் தாங்காது என்பதால் அவற்றை ஷெல் ஸ்கிரிப்டாக, அதாவது கணினி நேரடியாக வரிசையாய் ஓட்டும் கட்டளைப் பட்டியலாக, எழுதினாராம். அன்று அவர் சொல்லித்தான் அவள் அதை ஓட்டினாள். இரண்டையும் அச்செடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒரு கட்டளையைக்கூட விடல, மாத்தல," என்றார் பெருமையாக.

இரண்டிலும் ஐந்தாவது வரி, படங்கள் ஃபோல்டருக்குப் போய் ஒரு மாதிரிப் படத்தை வைக்கச் சொன்னது. ஆறாவது வரி, இங்கே இருப்பதையெல்லாம் அழி என்றது. மென்பொருளை நிறுவும்போது வேலை ஃபோல்டரில் சேரும் தேவையற்ற கோப்புகளை, அந்தக் குப்பையை, கூட்டித் தள்ளத்தான் அது.

அந்தக் குப்பை போய்விட்டதா என்று மட்டும் கேட்டாள் அக்கா. தம்பி கணினியில் வேலை ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். ஒரு கோப்புகூடக் குறையாமல் கிடந்தது. அக்கா டாக்டரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். அவர் வந்து உட்கார்ந்ததும் விளக்கினாள்.

"கன்டெய்னர் கோப்புல ஒவ்வொரு வரியும் வேலை ஃபோல்டர்லேர்ந்துதான் புதுசா ஆரம்பிக்கும். ஸ்கிரிப்ட் அப்படியில்ல, போன இடத்துலயே நிக்கும். அஞ்சாவது வரி படங்கள்கிட்ட போச்சு. ஆறாவது வரி அங்கேயே நின்னு அழிச்சிருச்சு. அழிய வேண்டிய குப்பை அப்படியே இருக்கறதுதான் சாட்சி. மாத்தாம விட்டதுதான் சார் தப்பு."

பொறியாளர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும், தவறு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் தம்பி.

"ஆள் சரி. நீ சொன்ன காரணம்தான் தப்பு," என்றாள் அக்கா. அதற்கே அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டர் எழுந்து நின்றார். "மன்னிச்சிடும்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"நாளைக்கு எதுக்கு சார்? வெளிய ரெண்டு பேர் காத்துட்டு இருக்காங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போனாள் அவள்.