ஆடித் தள்ளுபடியில் வந்த புறா ஏற்பி

வைரக்கண்ணு கட்ட வேண்டிய பாக்கி மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எட்டு ரூபாய். கட்டாவிட்டால் அவன் கழுத்தில் பதித்திருக்கும் மீன் ஏற்பிகளைக் கம்பெனிக்காரன் வந்து கழற்றிக்கொண்டு போவான். யூரோப்பா நிலவில் இது யாரும் வாய் பிளக்கிற சங்கதி அல்ல. தவணை தவறினவன் வாசலில் ஆள் வந்து நிற்பதும், கழுத்தைக் காட்டச் சொல்வதும், பக்கத்து வீட்டார் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்ப்பதும் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி நடந்துகொண்டிருந்தன.

அந்த நிலவின் மேலெல்லாம் பனிக்கட்டி. பேராவூரணிப் பக்கமிருந்து போன ஆட்கள் பனியை உருக்கிச் சுரங்கம் வெட்டினார்கள். உருகின தண்ணீருக்குள்ளேயே பொழுதுக்கும் நிற்க வேண்டும். மூச்சு விடக் கழுத்தில் செவுள் தோல் ஒட்டியிருந்தது. ஆனால் உப்பில்லாத தண்ணீரில் அந்தச் செவுள் வழியாகவே உடம்பு உப்பு வெளியே போய்விடும். மத்தியானத்துக்குள் கை கால் இழுத்துக்கொள்ளும். ஆற்று மீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் ரத்தத்தில் ஓடும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், உப்பை விடாதே என்று செவுளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஏறக்குறைய அதே ஹார்மோன்தான் மனுஷ ரத்தத்திலும் ஓடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைப்பது அது. புறாவுக்கு, ஆண் பெண் என்று பார்க்காமல், தொண்டைப் பையில் பால் ஊற வைப்பதும் அதுவே. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்துக்கொண்டு போன உயிர்கள், இந்த ஒரு சொத்தை மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கின்றன. பஞ்சாயத்து ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் ஒரே அறிவிப்பைத்தான் சொல்லும். எந்த வீட்டில் கேட்கிற காது இருக்கிறதோ அந்த வீட்டில் வேலை நடக்கும். அந்தக் காதுதான் ஏற்பி. மீனின் காதை மனுஷன் கழுத்தில் பதித்தால், அவனும் மீன் மாதிரி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வான்.

அதற்காக வாங்கிய கடன்தான் இது. வைரக்கண்ணு பதித்துக்கொண்டது ஆடித் தள்ளுபடியில். மீன் ஏற்பி ஒரு ஜோடி எடுத்தால் புறா ஏற்பி ஒன்று இலவசம் என்று, ஏற்பி பதித்து விடுகிற கடையான பதிப்பகத்து வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

"இந்தப் புறா நமக்கு எதுக்கு தம்பி? இது வேண்டாம்னா விலையில கொறைப்பீங்களா?" என்று கேட்டான்.

"கொறைக்க மாட்டோம்ணே."

"அப்ப அதையும் வச்சு விடு. சும்மா வர்றத ஏன் விடணும்?"

தொண்டையில் வைத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அது இருக்கிற இடமே தெரியவில்லை.

மூன்றாம் சுரங்கம் இடிந்து வேலை நின்றது. தவணை நின்றது. வசூல் அதிகாரி குணசீலனின் அழைப்பு மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் அவன் பேசி முடித்ததும் வைரக்கண்ணுவுக்குத் தொண்டை கனத்தது. இருமினான். கையில் வெள்ளையாக, திரிந்த பால் போல, ஒரு கட்டி விழுந்தது.

"ஏங்க, என்னங்க இது?" என்று பதறினாள் மனைவி தையல்நாயகி.

பதிப்பகத்துப் பையனைத் திரையில் பிடித்தார்கள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "கவலை கூடினா புரோலாக்டினும் கூடும்ணே. புறா ஏற்பி அதக் கேட்டுட்டு, கூட்டுல குஞ்சு இருக்குன்னு நெனச்சுக்குது. கொறஞ்சா தூங்கிரும். இது புறாப்பால். சத்துதான்."

"எடுத்து விட்ருப்பா."

"எடுக்க அறுபதாயிரம். வைக்கத்தான் இலவசம்."

அதிலிருந்து குணசீலன் ஒரு தடவை கூப்பிட்டால் ஒரு தம்ளர் பால் இறங்கியது. வட்டியைப் பற்றிப் பேசினால் ஒன்றரைத் தம்ளர். கடைசியாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை கழற்றும் கருவியோடு வருவதாகச் சொன்னான். அன்றைக்குச் சட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஏற்பி போனால் தண்ணீரில் இறங்க முடியாது. தண்ணீரில் இறங்காதவனுக்கு அந்த நிலவில் படுக்க இடம் கிடையாது.

தையல்நாயகி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று ஊரார் வீட்டுக்கெல்லாம் மொய் எழுதியதோடு சரி. போட்டதைத் திரும்பக் கூப்பிட அவர்கள் வீட்டில் ஒரு விசேஷமும் வரவில்லை.

"ஏங்க, நாம போட்ட மொய்யெல்லாம் ஊருக்குள்ளதான கெடக்கு?"

"கெடந்து என்ன பண்ண? எதச் சொல்லிப் பந்தல் போடுறது?"

"வீட்டுல பால் எறங்கியிருக்கு. இத விட என்ன விசேஷம் வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை பந்தல் எழுந்தது. கறுப்புக் கண்ணாடியும் கோட்டுமாக வைரக்கண்ணு, இரண்டு தோளிலும் புறா, "வருக வருக" என்று ஒரு பதாகை பனிச் சுவரை மறைத்து நின்றது. தாய்மாமன் பூமியில் இருந்ததால் திரையில் வந்து மாலை போட்டார். ஐம்பது வயதுக்காரனை மணையில் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சுற்றி வந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குலவையைப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

"மாப்ள வெக்கப்படுறாரு பாரு!" என்றான் சுரங்கத்துக் கூட்டாளி அடைக்கலம்.

"அடேய், ஒனக்கு எறங்கினா தெரியும்டா."

ஒலிபெருக்கி மொய் சொல்லத் தொடங்கியது. "அடைக்கலம், ஐயாயிரத்தொன்னு! பம்பு வீட்டுத் திருமேனி, மூவாயிரத்தொன்னு!" வாங்கினவர்கள் எவரும் தட்டவில்லை. மொய்யை மறந்தவன் என்ற பேர் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

பந்தி நடுவில் குணசீலன் கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். தையல்நாயகி அவன் கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்தாள். "சாப்பிட்டுட்டுக் கழட்டுங்க தம்பி. கறி ஆறிப்போயிரும்." பசியோடு வந்தவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அது எந்தப் பாலில் வைத்தது என்று தெரிந்திருந்தது.

கணக்குச் சொன்னார்கள். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூற்று ஏழு. ஆயிரத்தொரு ரூபாய் குறைந்தது. வைரக்கண்ணுவுக்குத் தொண்டை மறுபடி ஊறியது.

கை கழுவிவிட்டு வந்த குணசீலன் பெட்டியைத் திறந்தான். பந்தலே அவனைப் பார்த்தது.

"தம்பி, சாப்பிட்டீகள்ல?" என்றான் அடைக்கலம்.

"சாப்பிட்டேன்."

"எழுதாமப் போறதா உத்தேசமா?"

குணசீலன் சுற்றிலும் பார்த்தான். மற்ற வீடுகளில் கழுத்து ஏற்பியைக் கழற்றும்போது அவனுக்கு ஒரு நாளும் இப்படிக் காது சூடானதில்லை. பெட்டியை மூடிவிட்டுச் சட்டைப் பையில் கை விட்டான்.

"வசூல் அதிகாரி குணசீலன், ஆயிரத்தொன்னு!" என்று ஒலிபெருக்கி முழங்கியது.

பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கம்பெனி உடனே தரவில்லை. அதற்குள் வைரக்கண்ணுவின் தொண்டை காய்ந்து, புறா தூங்கிவிட்டது. மொய் எழுதினவர்களுக்குத்தான் தூக்கம் இல்லை. போட்டதை எடுக்க வேண்டுமே. எல்லாரும் பதிப்பகத்து வாசலில் வரிசை நின்றார்கள். புறா ஏற்பி இப்போது இலவசமில்லை, நான்கு லட்சம். பதித்துக்கொண்டும் சிலருக்குப் பால் வரவில்லை. ஏனென்று கேட்டதற்கு அந்தப் பையன், "கைக்காசு போட்டு வச்சா எப்படிண்ணே வரும்? கடன் வாங்கி வைங்க" என்றான். வாங்கினார்கள். முதல் தவணை தவறியதும் ஊரெங்கும் பால் இறங்கியது.

ஒரு சனிக்கிழமை சான்றிதழ் வந்தது. திரையில் பச்சை எழுத்து: "வைரக்கண்ணு. பாக்கி ஏதுமில்லை. கடன் முழுவதும் தீர்ந்தது." அதன் அடியிலேயே அழைப்பிதழ்கள் வரிசையாக வந்து விழுந்தன. அடைக்கலம் வீட்டுப் பால் விழா. திருமேனி வீட்டுப் பால் விழா. குணசீலன் இல்லத்துப் பால் விழா. எல்லாம் அதே மாதத்தில். வாங்கினதற்கு மேல் கொஞ்சமாவது கூட்டிப் போடுவதுதான் முறை.

வைரக்கண்ணு எச்சில் விழுங்கினான். கெட்டியாக இறங்கியது.

"ஏங்க," என்றாள் தையல்நாயகி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்ளர் போதுமா, சட்டி எடுத்துட்டு வரவா?"