ராணிப் பொம்மையின் முகம்

"இது எங்கம்மா இல்ல!"

காபி டம்ளரைக்கூடத் தொடாமல் மகள் கத்தினாள். மேசைமேல் ராணிப் பொம்மை மல்லாந்து கிடந்தது. கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருஷம் கழித்து இன்று காலைதான் வந்திருந்தாள். வந்ததே இந்தப் பொம்மையைக் கேட்டு வாங்கிப் போகத்தான்.

அவளைப் பெற்றவள் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. இருந்த ஒரே போட்டோவும் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டது. பொம்மலாட்டப் பொம்மை செய்யும் அப்பா, மனைவி உயிரோடு இருக்கும்போதே அவளை உட்காரவைத்துச் செதுக்கிய ராணி மட்டும் மிஞ்சியது. அதைக் காட்டித்தான் அம்மா என்று வளர்த்தார்கள். அம்மா இறந்த மறு வருஷம் அப்பாவுக்கு இரண்டாந்தாரமாகச் சித்தி வந்தாள். அவர் செதுக்க, இவள் வண்ணம் தீட்ட, குடும்பம் ஓடியது.

ஆட்டத்துக்கு ஆட்டம் கைபட்டுப் பொம்மைகளின் முகம் உதிரும். வருஷா வருஷம் பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தீட்டவேண்டும். மரத்தில் இருப்பது மூக்கும் தாடையும்தான். கண், புருவம், கன்னம், உதடு எல்லாம் பிரஷ் வேலை.

"என்னை அனுப்பிட்டு, எங்கம்மாவையும் அழிச்சிட்டீங்கல்ல? செத்துப்போனவங்க மேலகூடவா பொறாமை!"

"கை தப்பிடுச்சும்மா... தப்பு என்மேலதான்" என்றாள் சித்தி.

"இருபது வருஷம் தப்பாத கை இப்ப மட்டும் தப்புமா? போதும். இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

அப்பா மூலையில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. சித்தி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பொம்மையைத் துணியில் சுற்றி மகளிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போம்மா. வேற யாரையாவது வெச்சு முகத்தைத் தீட்டிக்கோ. மனசுல வருத்தம் மட்டும் வெச்சுக்காத..."

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உளி கீழே விழுந்தது.

"அவளைத் திட்டாத" என்றார் அப்பா. "திட்டணும்னா என்னைத் திட்டு."

"ஏங்க... வேண்டாம்!"

"நீ சும்மா இரு. எவ்வளவு நாள்தான் நீயே வாங்கிக் கட்டிப்ப?" மகளிடம் திரும்பினார். "சுரண்டறதுக்கு முன்னாடி எல்லாப் பொம்மைக்கும் தாள்ல முகத்தைப் படியெடுத்து வெச்சுப்பேன். இது ஒண்ணுக்கு மட்டும் அப்பல்லாம் நானே வண்ணம் போடுவேன், படியும் எடுக்கமாட்டேன். எம் பொண்டாட்டி மூஞ்சி எனக்குத் தெரியாதான்னு ஒரு திமிரு. உனக்கு அஞ்சு வயசு இருக்கும். சுரண்டிட்டு பிரஷை எடுத்தா... கை ஓடல. மறந்துபோச்சு. மூணு நாள் வெறும் மரத்தைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

மகள் சித்தியின் கையிலிருந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள்.

"இவதான் சொன்னா, பாப்பா அவங்க சாடைதானே, அவளைப் பாத்துப் போடறேன்னு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்."

மகளுக்கு அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படி மறந்தீங்க என்று கேட்க வாயைத் திறந்தாள். தனக்கும் அந்த முகம் ஞாபகமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைப் பிரித்து மறுபடி பார்த்தாள்.

"அப்ப... இத்தனை வருஷம்..."

"உன்னைத்தான் பாத்தேன்" என்றாள் சித்தி. "நீ வளந்தா எப்படி இருப்பன்னு நினைச்சு நினைச்சுப் போடுவேன். போன வருஷம் பாக்க நீ இல்ல. கல்யாணப் போட்டோவுல மேக்கப்தான் இருக்கு, நீ இல்ல. மனசுல இருந்ததை வெச்சுப் போட்டேன். கன்னம் பிசகிடுச்சு."

தோளிலிருந்து பை நழுவியது. மகள் சித்தியைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "நான் என்னென்ன பேசிட்டேன்... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா உங்கப்பாவால உன் முகத்துல முழிச்சிருக்க முடியுமா?"

அப்பா உளியைத் தேடுவதுபோலக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள் இருக்கேன் சித்தி. பாத்துப் போடுங்க."

சித்தி பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டு பிரஷை எடுத்தாள்.

"அழாம உக்காரு. கன்னம் வீங்குது" என்றாள். சொன்னவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.