அடைத்த வடக்கு வாசல்

'அவர்' என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷனை மணியன் என்றே சொல்கிறேன்.

டெக்சஸில், காப்பெல் ஊரிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் டிரைவ். சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் எழுநூறு வருஷம் நின்ற சர்ச் கட்டடத்தை, எண்ணெய்ப் பணக்காரர் ஒருவர் கல் கல்லாகப் பிரித்து, நம்பர் போட்டு, கப்பலில் கொண்டுவந்து டெக்சஸ் புல்வெளியில் மறுபடி கட்டியிருந்தார். கல்யாண மண்டபம் ஆக்கலாமென்று மணியன் அதை வாங்கியிருந்தான்.

ஆள் படுக்கிற அகலத்துக்குச் சுவர். கை நுழைகிற அளவுக்கே ஜன்னல். உள்ளே ஞானஸ்நானக் கல்தொட்டி. அந்தக் காலத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, கெட்டது வெளியேற வடக்கு வாசலைத் திறந்துவைப்பார்களாம். வெளியேறியது திரும்பி வராமலிருக்க, பிறகு அதைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இங்கே கட்டியவரும் அடைத்தே கட்டினார்.

எங்கள் ஆளுக்கு வாஸ்து பைத்தியம்.

"வடக்கு குபேர திசை, ஸ்வர்ணா. அதை அடைச்சு வச்சா பிசினஸ் எப்படி வரும்?"

அதற்கு முந்தின வாரமே தனியாக வந்து அந்த அடைப்பை இடித்தான். அன்றிலிருந்து வீட்டில் எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு தூங்கினான். ஆபீஸ் டென்ஷன் என்று நினைத்தேன், முட்டாள்.

"வலது காலை எடுத்து வச்சு நீ முதல்ல போ. நீதானே மகாலக்ஷ்மி."

ஏற்றிய விளக்கை ஏந்தி வடக்கு வாசலில் நுழைந்தேன். ஈரக்கல் வாடை. அந்த வெயிலிலும் உள்ளே பல் கிட்டியது.

பின்னால் வெறுங்கால் சத்தம்.

"என்னங்க?"



விளக்கு அணைந்தது.

திரும்பினேன். மணியன் வெளியே புல்லிலேயே நின்றான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"சொன்னபடி ஆளைக் குடுத்துட்டேன்," என்று கிசுகிசுத்தான். "இனிமே என்னை விட்டுடுவ இல்ல?"

அடப்பாவி! பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது. தெற்கு வாசல் வழியாக ஓடிவந்து, அவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

இப்போது இர்விங்கில் சின்ன அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறேன். நேற்று சாயங்காலம் போன் செய்தான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அது... அங்கதான இருக்கு?"

கீழே பார்த்தேன். வாசலைத் தாண்டி, கார்ப்பெட்டில் ஈரமாக ஒரு பாதத் தடம். வலது கால். முறைப்படிதான் வந்திருக்கிறது.

"இல்லைங்களே," என்றேன். "இங்க யாரும் வரலை. அங்கேயே நல்லாப் பாருங்க."

அந்தப் பக்கம் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போடும் சத்தம் கேட்டது.

என் தோளருகே யாரோ மெல்லச் சிரித்தார்கள்.