நிறைவுக்கூடு

கல்லூரியின் மூன்றாம் மாடியில் நிறைவுக்கூடுகள் வரிசையாகத் தொங்கின. இறுதியாண்டு மாணவர்கள் உள்ளே படுத்து, இன்னும் தொடங்காத புராஜெக்ட்டைக் கனவில் முடித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்த வேலையைக் கண்ணில் காட்டினால் ஊக்கம் பிறக்கும் என்பது நிர்வாகத்தின் கொள்கை. பிறந்தது குறட்டை. கனவிலேயே கைதட்டல் வாங்கிவிட்டவன் அப்புறம் எதற்குக் கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறான்? புராஜெக்ட் அறிக்கைக்குத் தங்க எழுத்து அட்டை மட்டும் ஆளுக்கொன்று தயார். வழக்கப்படி பைண்டிங்தான் முதலில்.

கூடு யாரையும் பிடித்துவைப்பதில்லை. எழ நினைத்தால் எழலாம். நினைப்பவர்தான் இல்லை.

அதற்குத்தான் பியூலா 'எழுப்பி' செய்தாள். கைதட்டல் கிளம்புமுன் ஆளை உலுக்கிவிடும் மணிக்கட்டு வளையம். அரைகுறையாய் எழுந்தவன் அந்த அரிப்பிலேயே வேலையைப் பார்ப்பான். நாளை வைவா. தேறாவிட்டால் பட்டமும் போச்சு, கிடைத்திருந்த வேலையும் போச்சு.

வளையத்தில் ஒரே ஒரு ஒயர் பாக்கி.

"ஏட்டி, சித்த நேரம் கூட்டுல படுத்துட்டு வந்து ஒட்டேன். முடிஞ்சா எப்படி இருக்கும்னு பாத்துட்டா கை தானா ஓடும்லா," என்றான் கூட்டாளி ஜமால், பக்கத்துக் கூட்டில் காலை நீட்டியபடி.

"எழும்பலன்னா?"

"நான் எழுப்புதேன்," என்றவன், சொன்ன வாயோடு தூங்கிப்போனான்.

பியூலா கூட்டில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினாள். உடனே எழுந்தும்விட்டாள். ஒயர் ஒரே தொடுதலில் ஒட்டிக்கொண்டது. வைவா மண்டபத்தில் வெயில் பால்போல் வழிந்தது. மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுழன்றது. எதிரே கைடு முனைவர் அருளானந்தம். அறிக்கையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தே கையெழுத்துப் போடுகிறவர்.

"நாப்பதாம் பக்கத்துல ஒரு சந்தேகம்மா," என்றார். "கைதட்டலுக்கு முன்னால எழுப்புதீய, சரி. அது கேக்காமலே ஒருத்தன் எத்தனை நாள் வேலை பாப்பான்?"

பியூலாவுக்குச் சுருக்கென்றது. இவர் படித்திருக்கிறார். அப்படியானால் இது கனவு. வெளியே ஒயர் தொங்கிக்கொண்டிருக்கிறது. விடிந்தால் வைவா. எழ நினைத்தால் போதும்.

தூரத்து மழைபோல் ஜமாலின் குறட்டை கேட்டது.

நான்கு வருடத்தில் அவள் எழுதியதைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நல்ல கேள்வி சார்," என்றாள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "கொஞ்சம் விவரமாவே சொல்லுதேன்."