கழுகுகள் பார்த்த பக்கம்

அன்று பிணந்தின்னிக் கழுகுகள் சிறகை விரிக்கவில்லை. யோகமலருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர்காலம். டென்மார்க்கில், சில்க்போர்க் நகருக்கு வெளியே ஒரு பறவைப் பூங்காவில் அவளுக்கு விடிகாலைத் துப்புரவு வேலை. இரவுப் பனியில் ஊறிய கழுகுகள், வெயில் பட்டதும் சிறகுகளை அகல விரித்து, கொடியில் போட்ட கம்பளியைப் போல அசையாமல் உலர்த்திக்கொண்டு நிற்கும். உலகமே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத சோம்பேறிகள். "உயிருள்ளதை அதுகள் ஏறெடுத்தும் பார்க்காது" என்று பூங்காக்காரர் லோரன்ஸ் சொல்லிச் சிரிப்பார். இன்றோ வெயில் வந்தும் சிறகை ஒடுக்கி, மொட்டைக் கழுத்தை நீட்டி, அவள் பக்கமே பார்த்தன.

அவள் கையில் சோற்றுப் பெட்டி இருந்தது.

முதல் நாள் விபோர்க்கிலிருந்து தம்பி நித்தியானந்தன் தொலைபேசியில் அழுதிருந்தான். "அத்தானைப் பிடிச்சு ஒரு வருசமாச்சு அக்கா. இனி எங்க வரப்போறார்? காகத்துக்கு ஒரு பிடி சோறாவது வையன்."

"அவர் செத்ததை ஆர் கண்டது?" என்று சீறினாள். ஆனாலும் விடிய எழும்பிச் சோறு வடித்தாள். பாழாய்ப்போன மனம் அவர் பசியை நினைத்து இளகிவிட்டது. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் ஆமிக்காரர் புகுந்தபோது அவள் புருசன் குணசேகரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வாய்கூட உண்ண விடவில்லை. கைகளைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூண்டுக்கு வெளியே புல்லில் சோற்றை வைத்தாள். செத்தவருக்குத்தானே காகம் வரும்? வரக்கூடாது, பிள்ளையாரே, வரக்கூடாது என்று வேண்டினாள். மரம் நிறையக் காகங்கள் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

"இருக்கிறார்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சந்தோஷத்தில் விம்மி அழுதாள்.

பிறகுதான் காகங்கள் கரையவே இல்லை என்பதைக் கவனித்தாள். கழுகுகள் பார்த்தது அவளையும் அல்ல. அவள் தோளுக்கு மேலே. ஓர் ஆள் உயரத்தில். அவளுக்குப் பின்னால்.

ஈரமண் வாடை. அதற்குள் ஏதோ அழுகல். புல் நசுங்கும் சத்தம்.

கழுகுகளின் தலைகள் எல்லாம் ஒன்றாக மெல்லத் தாழ்ந்தன.

"நீங்களோ?" என்றாள். திரும்ப முடியவில்லை.

வெயில் முதுகில் அடித்தது. முன்னால் புல்லில் அவள் நிழல். அதன் பக்கத்தில் இன்னொரு நிழல் முழந்தாளிட்டிருந்தது. கைகள் இன்னமும் பின்னால் கட்டியபடி. அது குனிந்து குனிந்து வாயாலேயே தின்றது. புல்லில் சோறு குறைந்துகொண்டே வந்தது.